குமிழி நிற்கட்டும்

ஓடுகிற பஸ்ஸில் ஏறப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. நின்ற பஸ்ஸில் ஏறாமல், அது உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டு நின்றவர், எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

திருக்கோகர்ணத்தில் டவுனுக்குப் போகிற பஸ் வந்து நிற்கும். இன்ஜினின் உறுமலில் பின்படி நடுங்கிக்கொண்டிருக்கும். நாங்கள் முட்டி மோதி ஏறிவிடுவோம். அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நிற்பார். கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார்.

"ஏறுங்க சார்!" என்று ஜன்னல் வழியாகக் கத்துவேன்.

"ஆடுதுல்ல தம்பி. நிக்கட்டும்."

பஸ் போய்விடும். அவர் நடந்து ஆபீஸுக்கு வருவார். ஆனால் தாமதமாக வந்தார் என்று ஒருநாளும் பெயர் வாங்கியதில்லை. பஸ் போய்விடும் என்பது அவருக்கே தெரியும் என்பதால், நடக்கிற நேரத்தையும் சேர்த்து முன்கூட்டியே கிளம்பியிருப்பார். அப்படியானால் பஸ்ஸுக்காக எதற்கு நிற்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒருநா இல்லாட்டி ஒருநா நிக்கும்ல?" என்றார்.

நான் அரிமளத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்தவன். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. படிப்பு முடிந்து, நில அளவைப் பிரிவில் குமாஸ்தா வேலை கிடைத்துப் புதுக்கோட்டைக்கு வந்தபோது, எனக்கு எதிர்மேசையில் அவர் இருந்தார். சமஸ்தான காலத்தில் கண்மாய், வாய்க்கால் எல்லாவற்றையும் அளந்து படம் வரைந்தவர். சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தபோது அவருடைய பதவிக்கு என்ன பெயர், யாருக்குக் கீழே, என்ன சம்பளம் என்று எதுவுமே தெளிவாகவில்லை. மற்றவர்கள் திருச்சிக்கும் சென்னைக்கும் மனுக் கொடுத்து அலைந்தார்களாம். இவர் கொடுக்கவில்லை. "எல்லாம் ஆடிக்கிட்டுக் கெடக்கு, அடங்கட்டும்" என்று இருந்துவிட்டார். அடங்கியபோது அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாரும் அவருக்கு மேலே இருந்தார்கள்.

அவரிடம் ஒரு காக்கித் துணிப்பை உண்டு. அதில் ஒரு ரசமட்டம் இருக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் திரவமும், அதில் ஒரு காற்றுக் குமிழியுமாக, சமதளம் பார்க்கிற கருவி. எங்கே போனாலும் அந்தப் பை தோளில் தொங்கும். குமிழி ஆடிக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவு பொய் அளவு, அது நின்ற பிறகுதான் கண்ணை வைக்க வேண்டும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். எல்லோரும் அந்தப் பாடத்தை ஆபீஸிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார்.

ஹெட்கிளார்க் ஒருநாள் எல்லார் முன்னாலும் அவரைச் சத்தம் போட்டார். இவர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம், ஹெட்கிளார்க் வெற்றிலை மடித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்த நேரத்தில் போய் முன்னால் நின்றார்.

"நீங்க சொன்னது சரியில்லிங்க" என்றார்.

"எதுய்யா?"

"போன வாரம் சொன்னது."

ஹெட்கிளார்க்குக்கு ஞாபகமே இல்லை. இவர் பொறுமையாக ஞாபகப்படுத்தி, மறுபடியும் முழுத் திட்டையும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதையும் அவரே ஒரு மத்தியானம் சொன்னார். "கீரனூர்ப் பக்கம் ஒரு எடம் பாத்தாங்க தம்பி. நல்ல எடம். ஆனா அவங்க வீட்டுல இன்னைக்கு ஒரு பேச்சு, நாளைக்கு ஒரு பேச்சு. சரி, அடங்கட்டும்னு இருந்தேன்."

"அடங்குச்சா சார்?"

"அடங்குச்சு. அந்தப் பொண்ணுக்கு இப்ப மூணு புள்ளைக."

இதைச் சிரிக்காமல் சொன்னார். சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் வீட்டு முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அவருக்கு ஓர் அக்கா. புருஷன் இறந்தபிறகு தம்பியோடு வந்து சேர்ந்தவர்கள். நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். என்னை அவர்கள் 'அப்பு' என்பார்கள். ஒடிசலான உடம்பு, கை மட்டும் எப்போதும் வேகமாக எதையாவது செய்துகொண்டிருக்கும். தம்பிக்குக் காபி கொண்டுவந்து வைப்பார்கள். டம்ளரில் காபி வளையம் வளையமாக அலையும் அல்லவா, அது அடங்குகிறவரை அவர் தொடமாட்டார். அடங்கும்போது ஆறிப்போயிருக்கும்.

"ஆறுன காப்பியாக் குடிச்சே ஆயுசக் கழிச்சுட்டான்" என்று அக்கா என்னிடம் சொல்வார்கள். அவர் காதிலும் விழும். அவர் ஆறிய காபியை நிதானமாகக் குடிப்பார்.

உள்ளறையில் நெற்குதிரின்மேல் சாய்த்து ஒரு படம் வைத்திருந்தார்கள். அக்காவின் புருஷன். மலாயாவில் ஒரு லேவாதேவிக் கடையில் கணக்கெழுதியவர். கோட்டுப் போட்டு, ஒரு தோளைச் சற்றே இறக்கி நிற்பார். அதைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. ஆனால் அந்தச் சுவருக்கு எப்போதோ புதுப் பூச்சுப் பூசியிருந்தது.

"பூச்சு எறுகட்டும்க்கா. ஒரு மழை பாத்துட்டு ஆணி அடிக்கலாம்" என்றாராம் தம்பி. நான் அங்கே போனபோதே அந்தச் சுவர் பல மழை பார்த்து, மூலையில் பாசியும் பிடித்திருந்தது. படம் குதிரின்மேலேயே இருந்தது.

அந்த மலாயாக்காரர் விட்டுப்போனது அந்தப் படமும், மேற்கே ஒரு நூற்பாலையின் பங்குகளும்தான். கடை முதலாளி சொன்னாரென்று வாங்கியவை. அக்காவின் பேருக்கு மாறி, டிரங்குப் பெட்டியில் இருந்தன. அவற்றை விற்றுத் தரச் சொல்லித் தம்பியிடம் ஒப்படைத்திருந்தார்கள். பங்குச் சந்தை அவர் வாழ்க்கைக்குள் வந்தது இந்த வழியாகத்தான்.

வேறொருவராக இருந்தால் ஒரு தரகருக்குக் கார்டு எழுதிப் போட்டிருப்பார். இவர் முதலில் அளக்கத் தொடங்கினார். கடைத்தெருவில் ஒரு ராவுத்தர் டீக்கடை வைத்திருந்தார். அங்கே திருச்சியிலிருந்து இங்கிலீஷ் பத்திரிகை ஒன்று வரும். மறுநாள் அது பஜ்ஜி மடிக்கப் போகுமுன் பங்கு விலை போட்ட பகுதியை மட்டும் கத்தரித்து வைத்து ராவுத்தர் இவருக்குக் கொடுப்பார். அதைப் பார்த்துக் கட்டம் போட்ட தாளில் வாரத்துக்கு ஒரு குச்சி வரைவார். அந்த வாரத்தின் உச்ச விலை குச்சியின் தலை, ஆகக் குறைந்த விலை அதன் கால். தாள் தீர்ந்தால் சோற்றுப் பசை வைத்து அடுத்த தாளை ஒட்டுவார். நான் குடிவந்தபோது அது அவர் அறையின் மூன்று சுவரைச் சுற்றி வந்திருந்தது.

குச்சிகளின் தலைகளைச் சேர்த்து மெல்லிய கோடு ஒன்று, கால்களைச் சேர்த்து இன்னொன்று. மேல்கரை, கீழ்கரை என்பார். இரண்டுக்கும் நடுவே விலை ஓடுகிற இடம் வாய்க்கால்.

"வெலையப் பாக்காதீங்க தம்பி. வெலை பொய். குச்சியோட நீளத்தப் பாருங்க. குச்சி எம்புட்டு நீளமோ, அந்த வாரம் சனம் அம்புட்டுப் பயந்துருக்கு, இல்ல அம்புட்டு ஆசப்பட்டுருக்கு. ரெண்டும் ஒண்ணுதான். கரை அகலுச்சுன்னா வெள்ளம். கரை குறுகுச்சுன்னா தண்ணி அடங்குது. அடங்குனப்பதான் விக்கணும். அதுதான் நெச வெலை."

எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. காலேஜில் படித்த கணக்கு ஒன்றுக்குக்கூட இப்படி மனிதர்களோடு சம்பந்தம் இருந்ததில்லை. அவர் சொன்னதும் வெறும் பேச்சில்லை. ஒருமுறை, கரை இரண்டும் நெருங்கி வந்துகொண்டிருந்தபோது, "இது அடங்குற குறுகல் இல்ல. அமுக்கி வச்சுருக்கு. மேல கிழிச்சுக்கிட்டு ஓடப்போவுது" என்று டீக்கடையில் வைத்துச் சொன்னார். சில வாரத்தில் விலை அப்படியே மேல்கரையை உடைத்துக்கொண்டு ஏறியது. ராவுத்தர் அசந்துபோனார்.

"சர்வேயரய்யா, நம்ம ஊருக் கடலை வெலைக்கும் இப்புடி ஒரு படம் போடுங்க. ஒங்களுக்கு ஆயுசு பூரா டீ எலவசம்."

"அது இருக்கட்டும். அக்காவோட பங்க வித்துட்டீங்கள்ல?" என்று பக்கத்தில் இருந்த ஒருவர் கேட்டார்.

"விக்கல."

"ஏறும்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொல்றது வேற. ஆடுறப்ப விக்கலாமா?"

கடையே சிரித்தது. அன்று முதல் அவரைக் கண்டால், "என்ன சர்வேயரய்யா, இன்னைக்கு எத்தனை அடித் தண்ணி?" என்று கேட்பது அங்கே வழக்கமாயிற்று. அவர் கோபித்துக்கொண்டதில்லை. மெய்யாகவே கேட்கிறார்கள் என்று நினைத்துப் பதிலும் சொல்வார்.

வீட்டில் இதே கேள்வி வேறு மாதிரி வரும்.

"ஏறுதாமே. வித்துரு தம்பி."

"ஏறுறதும் ஆட்டந்தான்க்கா."

"எறங்குதாமே. இதுக்கு மேல எறங்குறதுக்குள்ள வித்துரு."

"எறங்குறதும் ஆட்டந்தான்."

அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

ஒருமுறை என் தகப்பனார் என்னைப் பார்க்க வந்தார். எங்கள் வீட்டில் விலைக்காகக் காத்திருக்கும் வசதி யாருக்கும் இருந்ததில்லை. கடலை பிடுங்கிக் காய்வதற்குள் மண்டிக்காரர் என்ன சொல்கிறாரோ அதுதான் விலை. தகப்பனார் சுவரைச் சுற்றி ஓடிய படத்தைக் கைகட்டி நின்று பார்த்தார்.

"இது எந்தூருக் கம்மாய்ங்க?" என்று கேட்டார்.

"கம்மாய் இல்லிங்க. மில்லு" என்றார் அவர்.

"மில்லுக்கு எதுக்குங்க கரை?"

அவர் தரையில் உட்கார்ந்து பொழுது சாய்கிறவரை விளக்கினார். தகப்பனார் தலையாட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் என்னிடம், "நல்ல மனுசன். ஆனா இந்தத் தண்ணி எந்த வயலுக்குப் பாயுது?" என்றார். அந்தக் கேள்வியை நான் அவரிடம் கொண்டுபோகவில்லை. அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

அக்காவுக்கு ஒரு வீடு வேண்டும். அவ்வளவுதான். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஓட்டு வீடு. ஒரு அறை, சமையல்கட்டு, பொதுக் கிணற்றில் பங்கு. அதில் இருந்த அம்மாள் மகனோடு மதுரைக்குப் போய்விடப் போகிறார். 'ஒனக்குன்னா தாரேன், கொஞ்ச நாள் பாக்குறேன்' என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தார். அக்கா தினமும் கோயிலுக்குப் போகிற சாக்கில் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருவார்கள். பங்கை விற்றால் அந்த வீடு. விற்காவிட்டால் தம்பி வீட்டு உள்ளறை, குதிர், அதன்மேல் படம்.

"இங்க ஒங்களுக்கு என்னக்கா கொறை?" என்று நான் ஒருநாள் விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிரவில்லை.

"அவன் கெட்டவன் இல்ல அப்பு. ஒரு சுடுசொல்லு சொன்னதில்ல. எனக்குன்னு பாத்துப் பாத்துத்தான் செய்யுறான். ஆனா இந்த வீட்டுல எல்லாமே நாளைக்குத்தான். ஓடு மாத்துறது நாளைக்கு. ஆணி அடிக்கிறது நாளைக்கு. எனக்கு எம்புட்டு நாளைக்கு நாளைக்கு இருக்கு, சொல்லு?"

பிறகு, கல்லை வாசலில் எறிந்துவிட்டு, "செத்தாலும் பாடை ஆடாம நிக்கட்டும்னு நின்னுக்கிட்டுருப்பான்" என்றார்கள். சொல்லிவிட்டு அவர்களே சிரித்தார்கள்.

ஒரு ஐப்பசியில்தான் குச்சிகள் குட்டையாகத் தொடங்கின. வாராவாரம் கரைகள் நெருங்கின. தாளுக்கு முன்னால் அவர் நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. கார்த்திகையில் ஒரு வாரம் உச்ச விலையும் அடி விலையும் ஒன்றாகவே இருந்தன. அந்த வாரம் குச்சி இல்லை. ஒரு புள்ளி. அடுத்த வாரமும் புள்ளி. அதற்கடுத்த வாரமும், அதே உயரத்தில். பத்திரிகையில் அந்த விலைக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. எதையும் விட்டுவிடாத மனிதர் ஆகையால், அதையும் ஒவ்வொரு புள்ளிக்கு மேலேயும் ஊசிமுனைப் பேனாவால் வரைந்துவைத்தார்.

"நட்சத்திரம் எதுக்கு சார்?"

"லாபப் பங்கு குடுத்துட்டான்னு போடுறாங்க போல. நம்ம படத்துலயும் கோயிலுக்கு ஒரு குறி, கெணத்துக்கு ஒரு குறி போடுவோம்ல, அது மாதிரி."

தை பிறந்தபோது புள்ளிகள் வரிசையாக, எறும்பு ஊர்ந்த மாதிரி, ஒரே மட்டத்தில் ஓடின. மேலே சின்னச் சின்ன நட்சத்திரங்கள். பார்க்க அழகாகவே இருந்தது. ஒரு காலையில் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா. நின்னுருச்சு."

அக்கா கரண்டியோடு திரும்பினார்கள். "என்ன நின்னுருச்சு?"

"ஆட்டம்."

அவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள்: "அப்ப விக்கலாமா?"

"விக்கலாம்."

திருச்சியில் தெப்பக்குளத்துக்குப் பக்கம் சென்னைத் தரகரின் ஏஜெண்டு ஒருவர் இருந்தார். மூன்று பேருமாகக் கிளம்பினோம். அக்கா பெட்டியிலிருந்து ஒரு பட்டு எடுத்துக் கட்டியிருந்தார்கள். முந்தின நாளே அந்த ஓட்டு வீட்டு அம்மாளிடம் போய், 'இந்த வாரம் முடிச்சுருவோம்' என்று சொல்லிவிட்டும் வந்திருந்தார்கள். பஸ் இன்ஜினை அணைத்து அவருக்காகக் காத்திருந்தது, அக்காவின் வாய்க்குப் பயந்து. அவர் சுவரிலிருந்து கழற்றிய படத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்டேன். "என்ன ஆதாரத்துல விக்கிறோம்னு அவருக்குத் தெரியணும்ல?" என்றார்.

ஏஜெண்டு மாடியில் இருந்தார். குள்ளமான, சுறுசுறுப்பான மனிதர். படத்தை மேசையில் விரித்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு முனையை நானும் மறுமுனையை அக்காவும் பிடித்துக்கொண்டோம்.

"யாருங்க வரைஞ்சது? நீங்களா? மெட்ராஸ்ல பெரிய தரகருங்ககிட்டகூட இப்புடி ஒரு வேலை நான் பாத்ததில்ல" என்றார். கேலி இல்லை. ஒவ்வொரு குச்சியாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். "இங்க ஏறுனுச்சு, ஆமா. இங்க விழுந்துச்சு, ஆமா, அப்ப நானே அடி வாங்குனேன்." விரல் புள்ளிகளுக்கு வந்தது. நின்றது.

"இது என்னங்க?"

"அடங்கிடுச்சு. அதான் விக்க வந்துருக்கோம்."

"இந்த நட்சத்திரம்?"

"லாபப் பங்கு..."

ஏஜெண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்.

"அது இல்லிங்க. அந்த வாரம் ஏவாரமே நடக்கலேன்னு அர்த்தம். வாங்குனவனும் இல்ல, வித்தவனும் இல்ல. ஏவாரம் நடந்தாத்தான வெல? நடக்கலேன்னா, கடைசியா என்னைக்கோ நடந்த வெலையையே திரும்பத் திரும்பப் போடுவாங்க. பக்கத்துல ஒரு நட்சத்திரம். ஐப்பசியிலருந்தே மில்லு மொதலாளிக அண்ணந்தம்பி கோர்ட்டுல நிக்கிறாங்க. அந்தப் பங்கை ஒருத்தரும் கையால தொடுறதில்ல."

அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஆட்டம் நிக்கல" என்றார்.

"ஆடுறதுக்கு ஆளே இல்லிங்க."

கீழே தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அவர் காக்கிப் பையைத் திறந்தார். ரசமட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஏன் வைத்தார் என்று தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. குமிழி ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. மேசை கோணல்.

"ஒரு குமிழி ஒரே எடத்துல அசையாம கெடந்தா" என்று எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார், "முதல்ல கருவியத் தட்டிப் பாக்கணும். சமஸ்தானத்துல சேந்த அன்னைக்கே சொல்லிக் குடுத்தது." பிறகு அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அக்கா தன் பக்கத்து முனையை விட்டார்கள். தாள் சுருண்டுகொண்டது.

"வாங்குறதுக்கு ஒருத்தருமே இல்லிங்களா?" என்று ஏஜெண்டைக் கேட்டார்கள்.

"ஒருத்தர் இருக்காரும்மா. ஆனா அடிமாட்டு வெலைக்குக் கேப்பாரு. ஒங்க தம்பி போட்டுருக்குற புள்ளியில பாதிகூட வராது."

"அக்கா, வேணாம்" என்றார் அவர். "கேஸு முடியட்டும். முடிஞ்சுச்சுன்னா மறுபடியும் ஏவாரம் வரும். கொஞ்ச காலம் ஆடும், அப்பறம்..."

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

"அப்பு, எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டுச் சொல்லு."

போட்டார்கள். எழுத்தெழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, நிதானமாக. அவர்கள் எதையும் நிதானமாகச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பஸ் நிலையத்தில் புதுக்கோட்டை பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அக்கா ஏறினார்கள். நான் ஏறினேன். அவர் சுருட்டிய தாளோடு படிக்குக் கீழே நின்றார். படி நடுங்கிக்கொண்டிருந்தது.

"சார்" என்றேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் எழப்போனேன்.

"ஒக்காரு அப்பு" என்றார்கள் அக்கா. "அடுத்ததுல வருவான்."

பஸ் நகர்ந்தது. கீரனூர் வருவதற்கு முன்பே அக்கா தூங்கிவிட்டார்கள். தலை ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது, விழிக்கவில்லை.

ஓட்டு வீடு வேறு யாருக்கோ போயிற்று. கையில் வந்ததை வைத்துக் கோயில் பாறைக்குப் பின்னால், யாரோ கொஞ்சம் சுவர் எழுப்பிவிட்டுப் போன ஒரு துண்டு மனையை அக்கா வாங்கினார்கள். கொத்தனாரை அவர்களே பிடித்தார்கள். பேரமும் அவர்களே பேசினார்கள். வேலை நடந்த நாளெல்லாம் அவர் ஆபீஸ் விட்டு நேராக அங்கே போவார். தோளில் பையோடு, தெருவின் எதிர்ப்பக்கத்தில் நிற்பார்.

"சர்வேயரய்யா, இங்கிட்டு வாங்க. மட்டம் பாத்துச் சொல்லுங்க" என்று கொத்தனார் ஒருநாள் கூப்பிட்டார்.

"அவன் பாத்துச் சொல்றதுக்குள்ள சாந்து கல்லாயிரும். நீ கட்டுப்பா" என்றார்கள் அக்கா.

அவர் ஒரு அடி முன்னால் வைத்த காலைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அவர் அறையில் அந்தக் குச்சிப் படம் மறுபடியும் சுவருக்கு வந்திருந்தது. பங்கு கைமாறிய பிறகும் அவர் வாராவாரம் ஒரு புள்ளி வைத்தார், மேலே ஒரு நட்சத்திரம்.

"இப்ப எதுக்கு சார் இது?" என்று கேட்டேன்.

"கோடு பாதியில நிக்குதே தம்பி" என்றார். பேனாவைத் துடைத்து மூடினார். அவரைப் பார்க்க எனக்கு அலுப்பாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தன.

கூரை போட்டு முடித்த மறுநாளே அக்கா குடிபோய்விட்டார்கள். சுவர்ப் பூச்சு இன்னும் ஈரம். டிரங்குப் பெட்டியை நான் தூக்கிப்போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை, அம்மிக்குழவியால் சுவரில் ஆணி அடித்தது. ஈரப் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. ஆணி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. மலாயாக்காரர் அதில் ஒருபக்கம் சரிந்து தொங்கினார்.

அவர் சாயங்காலம் வந்தார். வாசலில் நின்றார்.

"அந்தப் பையை வெளியில வச்சுட்டு உள்ள வா" என்றார்கள் அக்கா.

பையை இறக்கிக் கல்லின்மேல் வைத்தார். அது சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்தார். குனிந்து உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். அக்கா அடுப்பிலிருந்து நேராகக் காபியை ஊற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள்.

அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான் சாஞ்சுருக்காரு" என்றார்.

"இருக்கட்டும். உசுரோட இருந்தப்பவும் அப்புடித்தான் நிப்பாரு."

அவர் கை எழுந்தது, படத்தை நோக்கி.

"தொடாத."

கை அங்கேயே நின்றது. பிறகு இறங்கி டம்ளரை எடுத்தது. காபியில் அலை இன்னும் அடங்கவில்லை. அவர் குடித்தார்.

"சுடுதுக்கா" என்றார்.

"காப்பின்னா சுடத்தான் செய்யும்" என்றார்கள் அக்கா.